கலியாணக் கார்ட்டுக் கணினி

எனக்குக் கோபம் வந்தால் வாக்குக் கொடுத்துவிடுவேன். மற்றவர்கள் கோபத்தில் திட்டுவார்கள், கோப்பையை உடைப்பார்கள், இரண்டு நாள் பேசாமல் இருப்பார்கள். நான் "செய்து காட்டுறன்" என்று சொல்லிவிட்டு, பிறகு கிழமைக்கணக்கில் அதைச் செய்துகொண்டு திரிவேன். கலியாணத்துக்கு முன்பே இதைச் சொல்லி என் கணவரை எச்சரித்திருந்தேன். அவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டார்.

அன்று காலை எட்டரை மணி இருக்கும். வாவிப் பக்கத்து யன்னலைத் திறந்துவிட்டு, தேத்தண்ணியோடு மடிக்கணினிக்கு முன்னால் இருந்தேன். கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். அது ஒன்பது மணிக்குத் தொடங்கும். அதற்கு முன் கிடைக்கும் கொஞ்ச நேரம் என்னுடைய சொந்த நேரம். அந்த நேரத்தில் ஒரு சின்னக் கிரிப்டோ நாணயத்தின் மென்பொருளில் பிழை திருத்துவேன். திறந்த மூல மென்பொருள். யாரும் உள்ளே போய்ப் பார்க்கலாம், யாரும் திருத்தம் அனுப்பலாம், யாருக்கும் சம்பளம் கிடையாது. இதை எங்கள் தேவாலயச் சபையில் ஒருவருக்கும் இன்றுவரை விளங்கப்படுத்த முடியவில்லை. கிரிப்டோ என்ற சொல்லைக் கேட்டதும் நான் கோடீஸ்வரி என்று முடிவு கட்டிவிட்டார்கள். கோயில் கூரைக்கு ஓடு மாற்ற வேண்டுமென்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். என்னிடம் அந்த நாணயத்தில் ஒன்றுகூட இல்லை.

நான் திருத்துவது பெரும்பாலும் ஒரே வகைப் பிழைதான். ஒரு பெரிய எண்ணைக் கணினி துண்டு துண்டாகத்தான் நினைவில் வைக்கும். ஒவ்வொரு துண்டும் ஒரு பைட். இன்று நம் கையில் இருக்கும் கணினிகளும் கைபேசிகளும் கடைசித் துண்டை முதலில் வைக்கின்றன. பழைய இயந்திரங்கள் சில, நாம் கையால் எழுதுவதைப் போல, முதல் துண்டை முதலில் வைக்கும். எந்த வரிசையும் குற்றமில்லை. ஆனால் எழுதுகிறவர் தன் மேசையில் இருப்பதைப் போலத்தான் உலகத்து இயந்திரமெல்லாம் என்று நம்பி எழுதிவிட்டால், மற்ற வகை இயந்திரத்தில் எண் தலைகீழாகப் போகும். நாணய மென்பொருளில் அது பெரிய கூத்தாகிவிடும். பணம் அனுப்புகிறவரின் நல்ல கையொப்பத்தைப் பிடித்துக் கள்ளக் கையொப்பம் என்று சொல்லும்.

அன்று காலை, அந்த மென்பொருளின் பொறுப்பாளர் எல்லோருக்கும் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். எந்தக் குளிர்தேசத்தில் இருக்கிறாரோ, நான் அவர் முகத்தைக்கூடக் கண்டதில்லை. மாதக் கடைசியில் புதிய வெளியீடு வருகிறது, முதல் துண்டை முதலில் வைக்கும் இயந்திரங்களுக்கான பகுதிகளை அதிலிருந்து நீக்கப் போகிறோம், அப்படி ஓர் இயந்திரம் இனி யாரிடமும் இல்லை என்று நினைக்கிறோம் என்று எழுதியிருந்தார்.

அந்தப் பகுதிகளில் நாற்பது வரி என்னுடையது. மூன்று வருடங்களுக்கு முன், வேலை இல்லாமல், விண்ணப்பங்களுக்குப் பதிலும் வராமல் நான் நொந்துபோயிருந்த காலத்தில் எழுதிய நாற்பது வரி. அதற்குத்தான் முதன்முதலாக எங்கேயோ இருந்த ஒருவர் "நன்றி, சேர்த்துக்கொண்டேன்" என்று எழுதினார். அன்று என் கணவர் நண்டு வாங்கிவந்து தானே கறி வைத்தார். அதன் பிறகு வந்த ஒவ்வொரு வெளியீட்டிலும் அந்த வரிகள் இருந்தன. எனக்கு மட்டும்தான் அது தெரியும். ஆனாலும் எனக்கு அது பெரிய விஷயம்.

ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "என்னிடம் இருக்கிறது" என்று பதில் எழுதி அனுப்பிவிட்டேன்.

உடனே அவரிடமிருந்து பதில் வந்தது. "அப்படியானால் மகிழ்ச்சி. அந்த இயந்திரம்போல நடிக்கும் மென்பொருளில் ஓட்டிக் காட்டினால் போதாது. உண்மையான இயந்திரத்தில் எல்லாப் பரிசோதனைகளும் தேறினால் விட்டுவைக்கிறோம். மாதக் கடைசிவரை நேரம்."

பின்னால் நின்று வாசித்த கணவர் கேட்டார்: "எங்க வச்சிருக்காய்? கட்டிலுக்குக் கீழயா?"

"தேடுவன்."

"இந்த மட்டக்களப்பிலயா?"

"ஓம். இந்த மட்டக்களப்பிலதான்."

நகரத்துக் கணினிக் கடைகள் எல்லாவற்றிலும் கேட்டேன். காத்தான்குடியில் ஒரு கடைக்காரர் மிகவும் அன்பாக, புதிதாக ஒன்று எடுக்கும்படி சொல்லி, இல்லாத விலைக்கழிவெல்லாம் தருவதாகச் சொன்னார். பழையதுதான் வேண்டும், இருபது வருடப் பழசாக இருந்தால் இன்னும் நல்லது என்றதும் என்னைப் பார்த்த பார்வை மாறிவிட்டது. இப்படியே ஐந்து நாள் போனது. எழுதிய பதிலை அழித்துவிடலாமா என்றுகூட ஒருமுறை நினைத்தேன். அது என்னால் ஏலாத காரியம்.

இயந்திரம் கிடைத்தது எங்கள் வீட்டு மேசை லாச்சிக்குள். மெழுகுதிரி தேடி லாச்சியைக் கிளறியபோது, கணவருடைய ஒன்றுவிட்ட தங்கையின் கலியாணக் கார்ட் கையில் வந்தது. அதிலிருந்த எழுத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். கொழுத்து உருண்ட, வால் நீண்ட எழுத்து. அந்த எழுத்துரு இப்போதைய கணினிகள் எதிலும் வராது. பழைய ஒரே ஒரு வகைக் கணினிக்கென்று செய்யப்பட்டது. அந்த வகைக் கணினி முதல் துண்டை முதலில் வைக்கும். கார்ட்டோ சென்ற வருடம் அடித்தது. அப்படியென்றால் அந்த இயந்திரம் உயிரோடு இருக்கிறது, வேலையும் செய்கிறது. கார்ட்டின் பின்பக்கத்தில் சின்னதாக அச்சகத்தின் தொலைபேசி எண், ஊர் ஓட்டமாவடி. மெழுகுதிரியை மறந்து சத்தம் போட்டேன். கணவர் பாம்பு என்று நினைத்துத் தடியோடு ஓடிவந்தார்.

தொலைபேசியை எடுத்தது ஒரு பெண். ஓட்டமாவடி முஸ்லிம் ஊர், அங்கே அக்காவை ராத்தா என்பார்கள்.

"உங்களிட்ட பழைய கொம்பியூட்டர் ஒண்டு இருக்கா, ராத்தா?"

"இருக்கு. விக்கிறதில்ல."

"வாங்கக் கேக்கல்ல. ஒருக்கா வந்து பாக்கலாமா?"

"பாக்கிறதுக்கு என்னகா, பொம்புள பாக்க வாற மாதிரிக் கேக்கிறாய்? வா, வந்து பாரு."

அப்படித்தான் ராத்தாவைத் தெரிந்துகொண்டேன். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர், ஆனாலும் என்னைச் செல்லமாக மகள் என்பார். வீட்டு முன்னறைதான் அச்சகம். அவருடைய கணவருக்கு நெடுங்காலமாகக் கத்தாரில் ஓர் அச்சகத்தில் வேலை. அங்கே கழித்துவிட்ட கணினியை அவர் கேட்டு வாங்கி, கப்பலில் போட்டு அனுப்பியிருக்கிறார். மேசைக்குக் கீழே, பூவேலை செய்த துணிக்குள், ஓர் ஆட்டுக்குட்டி உயரத்தில் அது நின்றது. துணியை ராத்தா மெதுவாகத் தூக்கிக் காட்டினார். பொம்பிளை பார்ப்பது என்று அவர் சொன்னதில் தப்பில்லை.

எனக்கு என்ன வேண்டும் என்று விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் போனது. ராத்தா பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "நீ சொல்றதில எனக்கு ஒண்டும் விளங்கல்ல. ஆனா நீ பொய் சொல்ற ஆள் மாதிரித் தெரியல்ல" என்றார். அந்தக் கணினிக்காக ஏற்கெனவே ஒரு பொய் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன். அதையும் சொன்னேன். ராத்தா விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்போடு காரியம் முடிந்தது.

ஒரே நிபந்தனை, அவருடைய கார்ட்டுகளில் ஒன்றும் அழியக்கூடாது. பதினாறு வருடத்துக் கலியாணங்கள் அதற்குள் இருந்தன. அதற்கு நான் ஒரு வழி சொன்னேன். கணினியின் சேமிப்புத் தட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிடுவேன். என்னுடைய வேறு தட்டைப் போட்டு வேலை செய்வேன். போகும்போது அவருடையதைத் திரும்பப் போட்டுவிடுவேன். ராத்தாவுக்கு இது மிகவும் பிடித்துப்போனது. தட்டை வாங்கி, சுத்தமான முந்தானைத் துணியில் சுற்றி, அலுமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். வெள்ளிக்கிழமைகளில் அவருடைய கடை வாடிக்கையாளருக்குப் பூட்டு. ஆகவே வெள்ளி என்னுடைய நாள்.

மாதம் முடிய மூன்று வெள்ளிகள் இருந்தன. கம்பனியில் லீவு போட்டேன். காலையிலே பஸ் ஏறி, ஏறாவூர், செங்கலடி தாண்டி, கிரானில் ஒரு சட்டித் தயிர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஓட்டமாவடியில் இறங்குவேன். இவ்வளவு சந்தோசமாக நான் வேறெந்த வேலைக்கும் போனதில்லை.

முதல் வெள்ளி, அந்தக் கணினியில் மென்பொருளைக் கட்டி எழுப்பவே நாலு மணித்தியாலம். அதன் காற்றாடி சத்தத்தில் ராத்தா பேசியது கேட்கவில்லை, நான் பேசியது அவருக்குக் கேட்கவில்லை, இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தோம். பரிசோதனைகளில் பதினொன்று தவறின. இரண்டாம் வெள்ளி வரும்போது பத்தைத் திருத்தி வந்திருந்தேன். ஓட்டிப் பார்த்தால் பத்தும் தேறின. எஞ்சியது ஒன்று. அந்த ஒன்றுக்கும் பிழை எங்கே என்று எனக்குத் தெரிந்தது. கோப்பிலிருந்து ஓர் எண்ணை வாசிக்கும் இடத்தில், துண்டுகளைத் திருப்ப யாரோ மறந்திருந்தார்கள். கண்ணுக்கு முன்னால் அப்பட்டமாகக் கிடந்த பிழை. திருத்தினேன். மறுபடி ஓட்டினேன்.

பதினேழு தவறின.

திருத்தத்தை எடுத்தால் ஒன்று தவறும். போட்டால் பதினேழு தவறும். எடுத்தேன், போட்டேன், எடுத்தேன். என் திருத்தம் சரி என்பது எனக்கு உறுதியாகத் தெரியும், ஆனால் சரியானதைச் செய்தால் எல்லாம் உடைகிறது. பஸ்ஸில் திரும்பும்போது பக்கத்தில் இருந்த பெண் என்னைப் பார்த்து, "ஆராச்சும் மௌத்தா?" என்று மெல்லக் கேட்டார். யாரும் சாகவில்லை என்று தலையாட்டினேன். அந்தக் கிழமை முழுவதும் அந்த இடத்தைச் சுற்றியிருந்த ஒவ்வொரு வரியையும் தடவிப் பார்த்தேன். என் நாற்பது வரிகளை மட்டும் திறக்கவில்லை. அவற்றைத்தான் எனக்கு மனப்பாடமாகத் தெரியுமே.

கடைசி வெள்ளி. நான் போனபோது கணினியில் ராத்தாவின் தட்டு இருந்தது. கல்குடாவில் ஒரு கத்தோலிக்க வீட்டுக் கலியாணத்துக்கான கார்ட்டுகள் அவசரமாக வேண்டுமாம். வெளிப்பக்கம் முதல்நாளே அடித்து முடிந்திருந்தது. உள்பக்கம்தான் மிச்சம். ராத்தா ஒரு தாளை அடித்துப் பார்த்தார், சரியாக வந்தது. "சோறு அடிப்பிடிக்கப் போகுது, இருந்துகொள் மகள், வாறன்" என்று உள்ளே போனார்.

சும்மா இருப்பேனா? திரையில் அச்சிடும் பக்கம் திறந்திருந்தது. அதில் ஒரு மூலையில், 'உள்பக்கத்தைத் தலைகீழாக்கு' என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி. அதற்குப் பக்கத்தில் சரிக் குறி. உள்பக்கத்தை எதற்குத் தலைகீழாக்க வேண்டும்? பாவம், ராத்தாவுக்குத் தெரியாமல் யாரோ போட்டுவிட்டார்கள் என்று எடுத்துவிட்டேன். பிழையைக் கண்டால் கை தானாகப் போகும். ராத்தாவுக்கு ஓர் உதவி செய்த பெருமையோடு கதிரையில் சாய்ந்துகொண்டேன்.

ராத்தா வந்தார். தாள்கட்டை எடுத்தார், தட்டிச் சமப்படுத்தினார், கிறுக்கினார், அச்சு இயந்திரத்தில் வைத்தார், பொத்தானை அமத்தினார். எங்கள் பக்கத்தில் கிறுக்குவதென்றால் திருப்புவது. அவருடைய கை அதைச் செய்த வேகத்தில் நான் அதைக் கவனிக்கவேயில்லை. இருபத்தைந்து முப்பது கார்ட்டுகள் வெளியே வந்தபிறகுதான் ஒன்றை எடுத்து மடித்துப் பார்த்தார். வெளியே சிலுவையும் பொன்வரியும் நேராக நின்றன. திறந்தால் மணமக்கள் இரண்டு பேரும் தலைகீழாக நின்றார்கள்.

இயந்திரத்தை நிறுத்தினார். கார்ட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எதயாச்சும் தொட்டியாகா?"

சொன்னேன். குறி இருந்த இடத்தையும் காட்டினேன். கத்தாரிலிருந்த அச்சு இயந்திரத்துக்குத் தோதாக அவருடைய கணவர் அங்கே போட்ட குறி அது என்று பேசப் பேசத்தான் விளங்கியது. இங்கே வந்தபின் உள்பக்கம் தலைகீழாக வந்திருக்கிறது. குறி எங்கே இருக்கிறதென்று ராத்தாவுக்குத் தெரியாது. தாளைக் கையால் திருப்பி வைத்தால் சரிவருகிறது என்று முதல் கிழமையே கண்டுகொண்டார். பதினாறு வருடமாக ஒவ்வொரு கார்ட்டும் இரண்டு தரம் திரும்பித்தான் நேராக வந்திருக்கிறது.

"இங்க பாரு, அது ஒருக்கா கிறுக்குது, நான் ஒருக்கா கிறுக்கிறன். ரெண்டும் சேந்தாத்தான் நேர். நீ வந்து ஒண்ட மட்டும் நிப்பாட்டிப் போட்டாய்" என்றார் ராத்தா. அவருக்குக் கோபம் வரவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு வேலைக்கும் கொஞ்சம் கூடுதலாக அட்டை எடுத்துவைப்பது அவர் வழக்கம். கெட்டுப்போனவற்றுக்கு அதிலிருந்தே ஈடுகட்டி, வெளிப்பக்கம் மட்டும் அடித்த இரண்டு அட்டை மிஞ்சியது. குறியை நான் திரும்பவும் போட்டேன், அவர் திரும்பவும் கிறுக்கினார், கார்ட்டுகள் நேராக வந்தன.

நான்தான் சிரிக்கவில்லை. ஒருக்கா அது, ஒருக்கா நான். சரியானதைச் செய்தால் எல்லாம் உடைகிறது. அப்படியென்றால் அந்த மென்பொருளில் இன்னோர் இடத்தில், யாரோ ஒருவர் ராத்தாவைப் போல இரண்டாம் தரம் திருப்பிக்கொண்டிருக்கிறார். இரண்டு பிழையும் சேர்ந்து நேராகிப் பதினேழு பரிசோதனைகளைத் தேற்றியிருக்கின்றன. தவறிய அந்த ஒன்று, இரண்டு திருப்பலுக்கும் நடுவில் எட்டிப் பார்க்கிற பரிசோதனை.

தட்டை மாற்றி, எண் போகும் வழியெல்லாம் அதன் பின்னால் போனேன். கால் மணித்தியாலத்தில் பிடித்துவிட்டேன். எண்ணைச் சரியாக வாசிக்காமல், கடைசியில் தலைகீழாக வந்ததைக் கண்டு, அங்கேயே திருப்பிச் சமாளித்திருந்தார்கள்.

"எந்த மாடு இத எழுதினது?" என்று கத்தினேன்.

ஒவ்வொரு வரியையும் எழுதியவர் யார் என்று கேட்டால் அந்த மென்பொருளே காட்டிக்கொடுக்கும். கேட்டேன்.

"ஆருகா அந்த மாடு?" என்றார் ராத்தா, தயிருக்குச் சீனி போட்டுக்கொண்டே.

"நான்தான் ராத்தா."

எனக்கு நண்டுக் கறி வாங்கித் தந்த நாற்பது வரிகள். மூன்று வருடமாக ஒவ்வொரு வெளியீட்டிலும் நான் போய்த் தேடிப் பார்த்துச் சந்தோசப்பட்ட வரிகள். அவற்றைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னேன், லீவு போட்டேன், கல்குடாக் கலியாணத்தைத் தலைகீழாக்கினேன். இப்போது அந்த இயந்திரத்துக்கு இடம் இருக்க வேண்டுமென்றால் அந்த நாற்பதும் போகவேண்டும். வேறு வழியே இல்லை. வலித்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். பிறகு முழுவதையும் தெரிந்தெடுத்து அழித்தேன். வாசிக்கும் இடத்தில் என் ஒரு வரித் திருத்தத்தைப் போட்டேன். ஓட்டினேன்.

ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆட்கள் தெருவால் போய்க்கொண்டிருந்தார்கள். பரிசோதனைகள் ஒவ்வொன்றாகத் தேறி, திரையில் பச்சை வரிகளாக வந்தன. காற்றாடி இரைந்துகொண்டிருந்தது. ராத்தா கதிரையை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் இருந்தார். ஒன்றும் விளங்காமலே ஒவ்வொரு பச்சை வரிக்கும் "மாஷா அல்லாஹ்" சொன்னார். கடைசி வரியும் பச்சையாக வந்தபோது நான் எழும்பி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். தயிர்ச் சட்டி கவிழப் பார்த்தது.

"எத்தின வரி எழுதினாய்?"

"ஒரு வரி. நாப்பது வரி அழிச்சன்."

"அழிச்சதுக்கா இந்தக் கூத்து?"

"ஓம் ராத்தா."

அன்றே பொறுப்பாளருக்கு எழுதினேன். பிழை என்னுடையது, அதை எழுதியவள் நான், எடுத்தவளும் நான், எல்லாம் தேறிவிட்டன என்று மறைக்காமல் எழுதினேன். என்னிடம் இயந்திரம் இருக்கிறது என்று சொன்ன நாளில் அது என்னிடம் இல்லை என்பதையும் சேர்த்துக்கொண்டேன். பதில் சின்னதாக வந்தது. அந்த வகை இயந்திரங்களுக்கான ஆதரவு தொடரும். வெளியீட்டுக் குறிப்பில், ஓட்டிப் பார்த்த இயந்திரங்களின் பட்டியல் ஒன்று உண்டு, உன் இயந்திரத்துக்கு என்ன பெயர் போடட்டும்? பெயரைச் சொன்னேன். மாதக் கடைசியில் வெளியீடு வந்தது. பெரிய பெரிய கணினி நிலையங்களின் இயந்திரங்களுக்குக் கீழே, கடைசி வரியில், ஓட்டமாவடிக் கலியாணக் கார்ட்டுக் கணினி என்று ஆங்கில எழுத்தில் இருந்தது. அந்த வெளியீட்டில் என் பழைய வரி ஒன்றுகூட இல்லை. நான் தேடவும் இல்லை. அன்றும் நண்டுக் கறிதான்.

இரண்டு கிழமை கழித்து ராத்தா தொலைபேசி எடுத்தார். "மகள், உன்ட கார்ட்டு அடிச்சிருக்கன். வந்து எடுத்திட்டுப் போ."

போனேன். அன்று மிஞ்சிய இரண்டு அட்டையில் ஒன்று கணினிக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தது. மற்றதை என் கையில் தந்தார். வெளியே பொன்வரி. திறந்தேன். அந்தக் கொழுத்த, வால் நீண்ட எழுத்தில், வெளியீட்டுக் குறிப்பிலிருந்து நான் கைபேசியில் அனுப்பியிருந்த அந்தக் கடைசி வரி, 'ஓட்டமாவடிக் கலியாணக் கார்ட்டுக் கணினி' என்று தமிழில், நடுவில், மணமக்களின் பெயர் வரும் இடத்தில் இருந்தது.

"நேரா இருக்கா?" என்று கேட்டார்.

"நேரா இருக்கு, ராத்தா."

"இருக்கும்தானே. ரெண்டு தரம் கிறுக்கினது."